நடுவில் நின்ற அலகு

தென்காசி வாய்க்கால் பாலத்துப் பக்கம் போய் "உவைஸ் கடை எங்கன?" என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கத்தியும் கத்தரிக்கோலும் வைத்துப் பிழைக்கிறவர்களிடம் கேட்க வேண்டும். தையல்காரர், கறிக்கடைக்காரர், முடிவெட்டுகிறவர் எல்லாரும் கையை நீட்டிக் காட்டுவார்கள். செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையில் ஒரு ஆள் நுழைகிற அகலத்தில் ஒரு பொந்து. உள்ளே ஒரு மேஜை, ஒரு விளக்கு, விளக்குக்குக் கீழே உவைஸின் வழுக்கைத் தலை.

நாற்பத்துமூன்று வயது. அதில் பன்னிரண்டு வருஷம் ஷார்ஜாவில் போயிற்று. பாலைவனத்தில் கூடாரம் போடப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் ரிப்பேர் மேஜை அவருடையது. மடக்குக்கத்திகள் மட்டும் ஆயிரக்கணக்கில் அவர் கை வழியாகப் போயிருக்கும். ஊருக்குத் திரும்பி நாலு வருஷம் ஆகிறது.

நல்ல வேலைக்காரர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் மனுஷனுக்கு ஒரு வியாதி உண்டு. எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போனால் சுவரில் சாய்ந்து தொங்கும் காலண்டரை நிமிர்த்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அடுத்தவர் வண்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. "நல்லவேளை, என் மூக்கு லேசா கோணல்னு நிக்காஹ் அன்னைக்கு நீங்க பாக்கல" என்பாள் மனைவி ஜுஹைனா. அவள் கேலிக்குச் சொல்வாள். இவர் நிமிர்ந்து அவள் மூக்கை உண்மையாகவே ஒரு தரம் பார்ப்பார். இந்த ஆளோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாளோ.

மடக்குக்கத்தி கையில் வந்தால் இந்த வியாதி முற்றிவிடும். மடக்கின கத்தியை மேலே இருந்து பார்த்தால், பிடியின் இரண்டு பக்கங்களுக்கும் இடையில் வெட்டுகிற அலகு படுத்திருப்பது தெரியும். அது துல்லியமாக நடுவில் இருக்க வேண்டும் என்று கத்திப் பிரியர்கள் ஆசைப்படுவார்கள். பெரும்பாலான கத்திகளில் இருக்காது. விலை கூடின கத்தியிலும் ஒரு மயிரிழை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்திருக்கும். அதனால் வெட்டு குறையாது, ஆயுசும் குறையாது. பார்வைக்கு ஒரு குறை, அவ்வளவுதான். ஷார்ஜாவில் இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர் உவைஸ். அடுத்தவருக்குச் சொல்கிற வாய் தன் கைக்கு மட்டும் சொல்லாது.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஆடி மாசம், குற்றால அருவிச் சீசன் உச்சத்தில் இருந்தது. காலை எட்டரைக்கே சுகந்தி கடை வாசலில் வந்து நின்றாள். இலத்தூர்க்காரி, முப்பத்துநாலு வயது. குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் ஒரு நர்சரியில் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவள். வளர்ந்த கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, நல்ல ஜாதி மரத்தின் குச்சியைச் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுகிற வேலை. நூறு கட்டினால் தொண்ணூறு பிழைக்கும் என்று பேர் எடுத்த கை அவளுடையது.

அவள் நீட்டிய மடக்குக்கத்தி, பஹ்ரைனில் இருக்கிற தம்பி விஜய்பாண்டி வாங்கி அனுப்பினது. அஞ்சு வருஷமாக அதைத் தவிர வேறு கத்தி தொட்டதில்லையாம்.

"மாம்பால் பட்டுப் பட்டு திறக்கவே மாட்டேங்கு அண்ணாச்சி. கழுவி, எண்ணெ விட்டு, தீட்டிக் குடுத்தா போதும். ஒம்பதரை பஸ்ஸ புடிக்கணும், இல்லன்னா மேஸ்திரி பெஞ்சமின் சார் வைவாரு."

உவைஸ் கத்தியை விளக்குக்குக் கீழே பிடித்தார். பிடித்தவுடனே கண்ணில் பட்டுவிட்டது. அலகு லாக் இருக்கிற பக்கமாக ஒரு காகிதக் கனத்துக்குச் சாய்ந்திருந்தது.

"சாஞ்சிருக்கே தங்கச்சி."

"சாஞ்சிருந்தா இருந்துட்டுப் போவுது. மாங்கன்னு வந்து கேக்கவா போவுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வேறு ஆளாக இருந்தால் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கேட்டதைச் செய்து கொடுத்திருப்பான். உவைஸ் ஸ்டூலைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். கத்தியைக் கழற்றினார். மாம்பால் பிசினைச் சுரண்டினார், மண்ணெண்ணெயில் கழுவினார், தீட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். அலகு சுழலுகிற ஸ்க்ரூவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய வாஷர் இருக்கும். லாக் பக்கத்து வாஷரை எடுத்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் கனமான ஒன்றைத் தன் டப்பாவில் இருந்து தேடிப் போட்டார். மாட்டி, மடக்கி, மேலே இருந்து பார்த்தார். அலகு நட்ட நடுவில் நின்றது. மனசு குளிர்ந்துவிட்டது அவருக்கு.

இங்கே லாக் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். கத்தியை விரித்ததும் பிடிக்குள் இருக்கிற ஒரு எஃகுத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து, அலகின் அடிமுனையான குதிகாலுக்குப் பின்னால் போய் முட்டுக்கொடுத்து நிற்கும். அது நிற்கிற வரைக்கும் அலகு திரும்ப மடங்காது. வழுக்கினால் மடங்கும். மடங்குகிற வழியில் இருப்பது, கத்தியைப் பிடித்திருக்கிறவரின் விரல். அதனால்தான் ஷார்ஜாக் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஸ்க்ரூவைத் தொட்ட எந்தக் கத்தியையும் விரித்துப் பிடித்து, அலகின் வெட்டாத பக்கமான முதுகை மரக்கட்டையில் அஞ்சு தரம் தட்டிப் பார்க்காமல் வெளியே விடக் கூடாது.

உவைஸ் கட்டை விரலால் முதுகை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். நின்றது. கட்டையில் தட்டவில்லை. ஏனென்றால் அதற்குள் போனை எடுத்துவிட்டார். மடக்கின கத்தியை மேலே இருந்து ஒரு போட்டோ, விரித்துப் பின்னால் இருந்து ஒரு போட்டோ. ஷார்ஜாக் கடையின் பழைய கூட்டாளிகள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாமா? சுகந்தியும் எழுந்து நின்று பஸ்ஸுக்கு அவசரப்படுத்தினாள். கத்தியை விரித்து, மடக்கி, "வெண்ணெ மாதிரி இருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து இருபதுக்கு ரிஃபாத்திடம் இருந்து குரல் செய்தி வந்தது. ஷார்ஜாவில் உவைஸின் பழைய மேஜையில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன்தான். பாராட்டுக் கேட்கப்போகிறோம் என்று உவைஸ் போனைக் காதில் வைத்தார்.

"உவைஸண்ணே, சென்டர் சூப்பர். குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ரெண்டாவது போட்டோவ பெருசாக்கிப் பாருங்க. லாக் விளிம்புல மட்டுந்தான் ஏறியிருக்கு. கட்டையில தட்டிப் பாத்தீயளா?"

உவைஸ் போட்டோவை இரண்டு விரலால் விரித்தார். அவன் சொன்னது சரிதான். கனமான வாஷர் அலகை லாக் பக்கத்தில் இருந்து தள்ளிவிட்டது. அலகு தள்ளிப் போன அளவுக்கு லாக் எட்டவில்லை. குதிகாலின் பாதி அகலத்துக்கு ஏறி நிற்க வேண்டிய தகடு, ஓரத்தில் நகக்கண் அளவுக்குத் தொட்டுக்கொண்டு நின்றது. அலகு நடுவில் இருக்கிறதைக் காட்ட எடுத்த போட்டோவில் இது பளிச்சென்று தெரிகிறது. எடுத்த ஆளுக்குத் தெரியவில்லை.

சும்மா வெட்டும்போது ஒன்றும் ஆகாது, வெட்டுகிற விசை அலகை விரிக்கத்தான் பார்க்கும். ஆனால் சுகந்தியின் வேலை அப்படி இல்லை. தண்டைப் பிளந்ததும் கத்தி அதில் இறுகிக்கொள்ளும். அசைத்து அசைத்து மேலே இழுக்க வேண்டும். அப்போது முதுகில் விசை விழும். ஒரு கன்றுக்கு ஒரு தரம். அவள் ஒரு நாளைக்கு இருநூறு கன்று கட்டுகிறவள்.

ரசீதுப் புத்தகத்தில் அவள் நம்பர் இருந்தது. கூப்பிட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது தரம் கூப்பிடும்போதே ஷட்டரை இறக்கிவிட்டார்.

ஸ்கூட்டர் மேலகரம் தாண்டுகிற வரைக்கும் பறந்தது. அதற்கப்புறம் சனிக்கிழமைச் சீசன் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டது. வெள்ளம் குறைந்து மெயின் அருவியில் குளிக்க விட்டுவிட்டார்கள் என்று செய்தி பரவியிருந்தது. வேன், கார், தலையில் துண்டு கட்டின ஆட்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறோம் என்று ஓடிவருகிறவர்கள். காசிமேஜர்புரத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டி எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டார்.

"சார், அவசரம்."

"இங்கன யாருக்குத்தான் அவசரமில்ல? எல்லாரும் தண்ணி நிக்கதுக்கு முன்ன குளிக்கணும்னுதான் வாரிய."

சாரல் சட்டையை நனைத்தது. நிற்கிற இடத்தில் மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. இப்போது வேலைக்கு உட்கார்ந்திருப்பாள். பத்தாவது கன்றா, இருபதாவது கன்றா? ஒவ்வொரு தரம் அவள் கத்தியை இழுப்பதும் இவர் கண்முன் வந்தது. விரல் எங்கே இருக்கும் என்பதும் தெரிந்தது. யா அல்லாஹ், அந்தப் பிள்ளை டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். கன்று வராமல் இருக்க வேண்டும். பெஞ்சமின் சார் என்று யாரையோ சொன்னாளே, அந்த மேஸ்திரி அவளைக் கடைக்கு எங்கேயாவது அனுப்பியிருக்க வேண்டும்.

இதற்கு நடுவிலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். போய் என்னவென்று சொல்வது? கேட்காத வேலையைச் செய்து கத்தியைக் கெடுத்துவிட்டேன் என்றா? ஒட்டுக் கட்டுகிற அத்தனை பேரும் அவரிடம்தான் கத்தி கொண்டுவருகிறார்கள். ஒரு வாய் சொன்னால் ஐந்தருவி ரோட்டில் இருக்கிற நர்சரி பூராவும் தெரிந்துவிடும். ஒரு ஸ்க்ரூ மாட்ட விட்டுப்போயிற்று என்று சொல்லி வாங்கிக்கொண்டால் போதாதா? யாருக்கும் சேதம் இல்லாமல் முடிந்துவிடும். போலீஸ்காரர் கையை இறக்குவதற்குள் இந்தப் பொய்யை அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஐந்தருவி ரோட்டில் மூன்று நர்சரியில் விசாரித்து நாலாவதில் கண்டுபிடித்தபோது மணி பதினொன்றரை. பச்சை வலைக்குக் கீழே நீளமான ஷெட். பெண்கள் வரிசையாக முக்காலியில் உட்கார்ந்து கன்றுப் பைகளை முன்னால் வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறையப் போன்கள் கிடந்தன. மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார், அதில் ஒன்று ஒளிர்ந்தது.

சுகந்தி வரிசையில் இல்லை. ஷெட்டின் மூலையில் நின்றாள். வலது கையின் ஆள்காட்டி விரலில் ஒட்டுக் கட்டுகிற பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி, மேலே கைக்குட்டையைக் கட்டியிருந்தாள். கைக்குட்டை சிவந்திருந்தது. அவள் எதிரில் பெஞ்சமின் நின்று பொரிந்துகொண்டிருந்தார்.

"புதுசா வந்தவ வெட்டிக்கிட்டா சரிங்கலாம். நீ அஞ்சு வருஷம் வேல பாத்தவ. கவனம் எங்கன இருக்கு உனக்கு? திங்கக்கிழமை புனலூர்க்காரன் வாரான், ரெண்டாயிரம் கன்னு குடுக்கணும். போ, நாளையில இருந்து பை நிரப்பப் போ. உன் இடத்துல முப்பிடாதி உக்காரட்டும்."

ஒட்டுக் கட்டுகிறவளை மண் அள்ளிப் பை நிரப்பப் போகச் சொல்வது, அந்த ஷெட்டில் முகத்தில் அடிக்கிற மாதிரி. சுகந்தி பக்கத்தில் நின்ற முப்பிடாதியம்மாளின் தோளில் சாய்ந்து, தன் கையைப் பற்றி என்னவோ சொல்லிச் சொல்லி விசும்பிக்கொண்டிருந்தாள்.

உவைஸ் அதற்கு அஞ்சடி தள்ளி நின்றார். எல்லாம் கேட்டது. வாயைத் திறந்தால் போதும். திறந்தார். ஆனால் வந்தது ரோட்டில் சொல்லிப் பார்த்த பொய்தான்.

"சுகந்தி, காலையில ஒரு ஸ்க்ரூ மாட்ட விட்டுப்போச்சு. கத்திய குடு, மாட்டித் தாரேன்."

அவள் இடது கையால் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அந்த நிமிஷம் அவருக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் அவருக்கே தன்மேல் அருவருப்பு வரும்.

"ரொம்ப ஆழமா?" என்று கேட்டார்.

"சின்ன காயந்தான் அண்ணாச்சி. ரத்தம் நின்னுட்டு." அவள் கையைத் தூக்கி மற்ற விரல்களை மடக்கிக் காட்டினாள். "இந்த நுனி மட்டும் மடங்க மாட்டேங்கு. வீக்கமா இருக்கும் போல."

உவைஸ் ஷார்ஜாவில் ஒரு பாகிஸ்தானிக்காரனுக்கு இப்படி ஆனதைப் பார்த்திருக்கிறார். வீக்கத்தால் விரல் கொஞ்சமாவது மடங்கும். கொஞ்சமும் மடங்கவில்லை என்றால் உள்ளே என்னவோ அறுந்திருக்கிறது.

"வண்டியில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இதுக்கு எதுக்கு அண்ணாச்சி ஆஸ்பத்திரி?"

"ஏறு தங்கச்சி."

பெட்டியில் கிடந்த தன் போனை எடுத்துக்கொண்டு ஏறினாள். திரும்பி வருகிற ரோடு முழுக்க அவள் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். பயத்தில் சிலருக்குப் பேச்சு நிற்காது. இவருக்கோ ஒவ்வொரு வார்த்தையும் முதுகில் குத்தியது.

"என் கவனக்கொறவுதான் அண்ணாச்சி. கத்தி கொஞ்சம் லேசா திறந்துச்சா, பழைய ஞாபகத்துல பலமா இழுத்துட்டேன் போல. அஞ்சு வருஷத்துல ஒரு தரங்கூட இப்படி ஆனதில்ல. கை நடுங்குதோ என்னமோ. எங்க அம்மைக்கும் இந்த வயசுலதான் கை நடுக்கம் ஆரம்பிச்சுது."

"அதெல்லாம் இருக்காது."

"கத்தி மேல குத்தமில்ல. நீங்க எவ்வளவு நல்லா பண்ணிக் குடுத்தீய. ஒரு ஸ்க்ரூவுக்காக இம்புட்டு தூரம் வேற வந்திருக்கீய. யாரு வருவா இப்படி?"

வண்டியை ஓரமாக நிறுத்திச் சொல்லிவிடலாம் என்று மேலகரத்தில் ஒரு தரம் பிரேக்கில் கை வைத்தார். பின்னால் வேன்காரன் ஹாரன் அடித்தான். கையை எடுத்துவிட்டார். வேன்காரன் மேல் பழி போட்டு என்ன செய்ய, ஹாரன் அடிக்காவிட்டாலும் எடுத்திருப்பார்.

தென்காசி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். நாடாவை அறுத்து எடுத்து, காயத்தைக் கழுவினார். காயம் ஒரு அங்குல நீளம்கூட இல்லை, கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அவ்வளவு நேராக வெட்டுகிற மாதிரி காலையில் கத்தியைத் தீட்டினவரும் உவைஸ்தான். டாக்டர் விரலின் நடுக்கணுவைப் பிடித்துக்கொண்டு, "நுனிய மட்டும் மடக்குங்க" என்றார். சுகந்தி பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். நுனி அசையவில்லை.

"விரல மடக்குற தசைநாண் அறுந்திருக்கு. இத இங்க சும்மா தோலத் தச்சு அனுப்பக் கூடாது. திருநெல்வேலில கை ஆபரேஷன் பண்றவங்க இருக்காங்க, சொல்லிவிடுறேன். நாளைக்கே தைக்கணும். ஆறு வாரம் கட்டு, அப்புறம் பயிற்சி. எந்த அளவுக்கு மடங்கும்னு மூணு மாசம் கழிச்சுதான் சொல்ல முடியும்."

சுகந்தி அப்போதுதான் உண்மையாகப் பயந்தாள். நாடாவை இழுத்துச் சுற்றுவதே அந்த விரல்தான். அது மடங்காவிட்டால் ஒட்டுக் கட்ட முடியாது.

டாக்டர் சீட்டில் எழுதத் தொடங்கினார். "எப்படி ஆச்சு?"

"என் தப்புதான் டாக்டர். கை தவறிட்டு" என்றாள் சுகந்தி.

"இல்ல டாக்டர்." உவைஸின் குரல் அவருக்கே யாருடையதோ போல் கேட்டது. சட்டைப் பையில் இருந்து கத்தியை எடுத்து, விரித்து, அதன் முதுகை டாக்டரின் மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். பலமாகக்கூட இல்லை. அலகு டக்கென்று பிடிக்குள் மடங்கிப் படுத்தது. "இவ கை தவறல. காலையில நான் இத கழட்டி ஒரு வாஷர மாத்திப் போட்டேன். பிளேடு சாஞ்சு இருந்துச்சு, அத நடுவுல கொண்டு வரணும்னு. இவ அத கேக்கவே இல்ல. மாத்துனதுல லாக் சரியா ஏறல. நான் தட்டிப் பாக்காம குடுத்துட்டேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். சுகந்தி கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். அவள் கத்துவாள், திட்டுவாள் என்று உவைஸ் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"அதுக்குத்தான் அங்க வந்தீயளா? ஸ்க்ரூ இல்லியா?"

"ஸ்க்ரூ இல்ல."

"பெஞ்சமின் சார் என்னைய அத்தன பேருக்கு முன்னால வஞ்சுக்கிட்டு இருந்தாரு. நீங்க அங்கனதான் நின்னீய."

உவைஸ் தலையை ஆட்டினார்.

"ரோட்டுல வரும்போது எனக்கு கை நடுக்கம் வந்துட்டோன்னு பயந்து பயந்து சொல்லிட்டு வாரேன். அப்பவும் கேட்டுக்கிட்டுதான் வந்தீய."

"பயந்துட்டேன் தங்கச்சி. கடைக்குப் பேர் கெட்டுரும்னு." உடனே அவர் போனை எடுத்தார். "பெஞ்சமின் சார் நம்பர சொல்லு. இப்பமே பேசுதேன். ஆபரேஷனுக்கு எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நாளைக்கு நானும் ஜுஹைனாவும் கூட வாரோம்."

"ஆபரேஷன் நீங்கதான் பாக்கணும். வேற யாரு பாப்பா?" அவள் குரல் உடைந்தாலும் வார்த்தை உடையவில்லை. "ஆனா போன்ல பேசாண்டாம். வஞ்சது அங்கன வச்சு, எல்லாரும் கேட்டாங்க. நீங்களும் அங்கன போயி, எல்லாரும் கேக்கும்படி சொல்லுங்க. அஞ்சு மணிக்கு வேல முடிஞ்சு எல்லாரும் போயிருவாங்க. எங்க வீட்டுக்கு நானே போன் பண்ணிக்கிடுதேன். நீங்க போங்க."

இரண்டு மணிக்கு உவைஸ் மறுபடி குற்றாலம் ரோட்டில் இருந்தார். சாரல் நின்று வெயில் அடித்தது. கூட்டம் காலையைவிடப் பெருத்திருந்தது. வழியில் ரிஃபாத் கூப்பிட்டான், எடுக்கவில்லை. இந்தத் தரம் போலீஸ்காரரிடம் அவசரம் என்று சொல்லவில்லை. வரிசையில் நின்று, நகர்ந்து, நின்று, மூன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார். இந்தத் தரம் மனசுக்குள் எதையும் சொல்லிப் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

ஷெட்டில் பதினோரு பெண்கள் வேலையில் இருந்தார்கள். சுகந்தியின் முக்காலியில் முப்பிடாதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது, ஷெட்டிலேயே மூத்தவள். பெஞ்சமின் உவைஸைக் கண்டதும், "புள்ளைக்கு எப்படி இருக்கு பாய்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வைததை நினைத்து அவருக்கும் மனசு கேட்கவில்லை போல.

உவைஸ் வாசலிலேயே நின்றார். எல்லாரும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்திச் சொன்னார். கத்தி எதற்காக வந்தது, தான் என்ன செய்தார், அவள் வேண்டாம் என்றும் ஏன் செய்தார், எங்கே தட்டிப் பார்க்காமல் விட்டார், விரலுக்கு என்ன ஆயிற்று, எல்லாம் சொன்னார். "சுகந்தி கையில ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என்னுது. எங்கிட்ட கத்தி குடுத்த யாராவது இருந்தா கொண்டாங்க, எல்லாத்தையும் தட்டிப் பாத்துத் தாரேன். வேற கடைக்குக் கொண்டு போனாலும் சரிதான்."

பெஞ்சமின் இன்னும் கிட்டே வந்தார். "அவ இடம் அவளுக்குத்தான் பாய். கை சரியாகி எப்ப வந்தாலும். நானும் அவகிட்ட ரெண்டு வார்த்த சொல்லணும்" என்றார்.

அத்தோடு முடிந்தது என்று உவைஸ் வண்டிப் பக்கம் திரும்பினார். முப்பிடாதியம்மாள் கையில் இருந்த நாடாவைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும். காலையில நீங்க வந்து கத்திய வாங்கி பையில போட்டீயள்லா, அப்ப அவ என் தோள்ல சாஞ்சு அழுதுக்கிட்டு இருந்தா. என் கைக்கு என்னமோ ஆயிட்டு ஆச்சி, இனிமே நான் இந்த வேலைக்கு லாயக்கில்லன்னு சொல்லிச் சொல்லி அழுதா. நீங்க பக்கத்துலதான் நின்னீய. உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

பதினோரு பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"தெரியும்" என்றார் உவைஸ்.